சுறா எண்ணெயில் ஊறின பெயாரிங்

எங்கட காருக்கு ஊரில் சாம்பார் என்று பேர். யார் வைத்த பேரோ தெரியாது, வைத்தவர் பொய் சொல்லவில்லை. வெள்ளைக்காரர் துறைமுகத்தில் விட்டுவிட்டுப் போன ஒரு காரின் அடிச்சட்டம், அதுக்கு முன்னால் வேறொரு காரின் மூக்கு, பின்பக்கம் முழுக்க என்ர வீட்டுக்காரர் தகரம் வாங்கித் தன் கையால் அடித்தது. இரண்டு கதவும் இரண்டு நிறம். என்ஜின் எந்தக் காருடையது என்று கேட்டால் இவர் சிரித்துவிட்டுச் சுருட்டைப் பற்றவைப்பார்.

இவருக்குத் துறைமுகத்தில் மெசின் பூட்டித் திருத்துகிற பிற்றர் வேலை. லீவு நாளில் மற்ற ஆம்பிளையள் வீட்டோடு சேர்த்து ஒரு அறை இழுத்துக் கட்டுவார்கள். இவர் முற்றத்து வேம்புக்குக் கீழே கார் கட்டினார். நான் குறை சொல்லவில்லை. கட்டி முடிய, இவருக்குப் பிறகு அதை ஓட்டப் பழகினது நான்தான். சண்டைக் காலத்தில் எங்கட பக்கத்தில் கார் ஓட்டின பொம்பிளை என்னைத் தவிர வேறு ஆர் என்று யாராவது சொல்லட்டும், பார்ப்பம். எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும். லைசன்சில் கையெழுத்து வைக்க அது போதும். ஓட்டுறதுக்குக் கையும் காலும் போதும்.

இப்ப நான் சொல்ல வந்தது அந்தக் காரின் ஸ்டேரிங்கைப் பற்றியும், என்ர மாமியைப் பற்றியும். இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல ஏலாது.

மாமி, இவரின் அம்மா, பாலையூற்றில் மூத்த மகளோடு இருந்தவ. சுத்த சைவம். மாமா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். நான் சல்லிக் கடற்கரைப் பிள்ளை. எங்கட அப்பாவும் அண்ணனும் வள்ளம் கட்டுவார்கள், கட்டின வள்ளத்தில் தாங்களே கடலுக்கும் போவார்கள். அண்ணனின் வள்ளத்து மெசினைத் திருத்தத்தான் இவர் முதன்முதல் சல்லிக்கு வந்தவர். மெசின் ஒரே நாளில் திருந்திவிட்டது. இவர் அதுக்குப் பிறகும் ஒரு மாதம் வந்து அதைத் திருத்தினார்.

கலியாணத்துக்கு மாமி வந்தவ. தாலி கட்டும் மட்டும் நின்றுவிட்டுச் சாப்பிடாமல் போனவ. அதுக்குப் பிறகு எங்கட வாசல் படலை வரைக்கும் வருவா. பேரப்பிள்ளையளைத் தூக்கிக் கொஞ்சுவா, விசுக்கோத்துக் குடுப்பா. உள்ளுக்கு வரமாட்டா, ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டா. ஒரு கடுஞ்சொல் சொன்னதுமில்லை. எனக்கு அதுதான் பெரிய கோபம். சண்டை பிடித்தால் பதில் சொல்லலாம். படலையில் நின்று சிரிக்கிற ஆளோடு என்ன செய்ய ஏலும்?

அப்பிடி வருசக்கணக்காகப் போய்க்கொண்டிருக்க, மாமிக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்தது. ஒரு கண்ணுக்கு முதலில் ஒப்பரேசன் என்று பெரியாஸ்பத்திரியில் நாள் குடுத்தார்கள். பிறகு கட்டு மாற்ற நாளாந்தம் கொண்டுவர வேணும் என்றும் சொல்லிவிட்டார்கள். பாலையூற்று வீதியைப் பின்னேரமானால் ஆமிக்காரர் அடைத்துவிடுவார்கள். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் யாரிடம் கேட்கிறது? பாலையூற்று மச்சாளும் இவரும் இருந்து கதைத்து, கட்டு அவிழ்க்கும் மட்டும் மாமி எங்கட வீட்டில் நிற்கிறது என்று முடிவெடுத்தார்கள். மாமி ஓம் என்று சொன்னாவாம். எப்பிடிச் சொன்னா, முகம் எப்பிடி இருந்தது என்று இவரைத் துருவித் துருவிக் கேட்டனான். ஓம் என்றதை வேறு எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று இவர் என்னைத் திருப்பிக் கேட்டார். ஆம்பிளையளிடம் இந்த விசயங்கள் கேட்டுப் பிரயோசனமில்லை.

எனக்கு வந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேணும். வீட்டில் மீனை நிற்பாட்டினன். பிள்ளையள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பருப்பும் கீரையும் தின்றதுகள். பழைய சட்டியெல்லாம் கோழிக் கூட்டுக்குப் பின்னால் போனது, புதுச்சட்டி வாங்கினன். குசினிச் சுவரைச் சாம்பல் போட்டுத் தேய்த்துச் சுண்ணாம்பு அடித்தன். சல்லிக்குப் போய்வரும்போது காரின் பின்பக்கத்தில் மீன் கொண்டுவாறது வழக்கம் என்றபடியால், காரையும் விடவில்லை. மஞ்சள் தண்ணியாலும் தேசிக்காய்ப் புளியாலும் உள்ளும் புறமும் கழுவினன். ஒரு கதவில் பெயின்ற் கொஞ்சம் வெளுத்தே போனது. எந்த மூலையில் மூக்கை வைத்தாலும் மாமிக்கு மீன் என்ற நினைப்பே வரக்கூடாது. உள்ளுக்கு வந்து, இருந்து, என்ர கையால் ஒரு தேத்தண்ணி குடிக்க வேணும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்தக் கிழமை பார்த்துத்தான் ஸ்டேரிங் ஆடத் தொடங்கினது.

ஸ்டேரிங்கில் இருந்து கீழே ஒரு இரும்புத்தடி போகும். அந்தத் தடி ஒரு குழாய்க்குள்ளே இருக்கும். குழாயின் வாயில், ஸ்டேரிங்குக்குக் கீழே, ஒரு வளையம் மாதிரி பெயாரிங் இருந்து தடியைப் பிடித்துக்கொள்ளும். எங்கட காரில் தடி ஒரு காருடையது, குழாய் இன்னொரு காருடையது. அதாலே இவர் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு பெயாரிங்கைத் தேடிப் பிடித்து, சைக்கிள் ரியூப் சுற்றி இறுக்கி வைத்திருந்தார். அது தேய்ந்துவிட்டது. ஸ்டேரிங்கைப் பிடித்தால் கால் உடைந்த கதிரை மாதிரி மேலும் கீழும் ஆடும். இடப்பக்கம் திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும்.

கடையில் வாங்குவம் என்றால், கொழும்பில் இருந்து சாமான் லொறி வராமல் எத்தனையோ நாள். லொறி வந்தாலும் எங்கட அளவுக்கு ஒரு பெயாரிங் எந்தக் கொம்பனியும் செய்திருக்காது. வேலைத்தலத்தில் பித்தளையில் ஒன்று கடைந்து கொண்டுவரலாம்தானே என்றால், அந்த நாளையில் துறைமுக வாசலால் ஒரு ஆணி வெளியில் வராது. சாப்பாட்டுப் பெட்டியையே கவிட்டுப் பார்ப்பார்கள். இவர் பழைய செருப்புத் தோலை வெட்டிச் சுற்றிப் பார்த்தார். இரண்டு தரம் கடைக்குப் போய்வர அது மாவாகிக் கொட்டுண்டு போனது.

"உதோட அம்மாவை ஏத்தினால் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டீர், கடலுக்குள்ளதான் போவீர்," என்றார் இவர். ஓட்டோ பிடிப்பம் என்றும் சொன்னார். எனக்கு அது சரிவரவில்லை. ஓட்டோவில் வந்தால் ஓட்டோவிலேயே திரும்பிப் போகலாம். எங்கட காரில் வந்தால் எங்கட படலைக்குள்ளே வந்துதானே நிற்க வேணும்.

அடுத்த நாள் காலமை தேய்ந்த பெயாரிங்கைக் கழற்றி எடுத்தன். அளவுக்குத் தடியைச் சுற்றி நூல் கட்டி முடிச்சுப் போட்டன். இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறி அண்ணனிடம் போனனான்.

அண்ணன் வள்ளத்துக்குக் கீழே படுத்துக்கிடந்து பலகை இடுக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னன். சாம்பாரைக் கொண்டுவந்திருந்தால் ஸ்டேரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னுக்கு ஒரு நல்ல சுக்கான் போட்டுத் தந்திருப்பன் என்றார். மச்சானுக்குச் சொல்லு, கடலில் ஓடினால் மறித்துச் சோதிக்கிற ஆமிச் சென்றியும் இல்லை, குழியும் இல்லை என்றார். பகிடி முடிய எழும்பி வந்து அந்த வளையத்தைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு உடைந்த உலக்கை ஒன்றைக் கொண்டுவந்தார். பாலைமரம். அந்த மரத்தில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்.

உலக்கையில் ஒரு துண்டு அறுத்து, நடுவில் துறப்பணத்தால் துளை போட்டார். ஒருவர் கட்டையைப் பிடிக்க மற்றவர் கயிற்றை இழுத்துச் சுழற்றுகிற துறப்பணம் அது. பிடித்தது நான், இழுத்தது அண்ணி. பிறகு வெளிப்பக்கத்தை உளியால் வட்டமாக்கி, உடைந்த கண்ணாடியால் சுரண்டி, கடைசியாகச் சொரசொரத்த திருக்கை மீன் தோலால் தேய்த்தார். கன்னத்தில் வைத்தால் குழந்தைப் பிள்ளையின் தோல் மாதிரி வழுவழுவென்று இருந்தது. நாளையின்றைக்கு வா, ஊறட்டும் என்றார்.

ஊறட்டும் என்றால் எதில் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்கட வள்ளக் கொட்டிலில் அதைக் கேட்கிற ஆளே இல்லை. வள்ளத்துக்கு என்று செதுக்கின எந்த மரமும் சுறா எண்ணெய்ப் பானைக்குள்ளே கிடந்து எழும்பாமல் வெளியில் போகாது. சுறாவின் ஈரலை உருக்கி எடுக்கிற எண்ணெய். உப்புத்தண்ணி அண்டாது, மரம் வெடிக்காது, இரும்புத்தடி உள்ளே சுத்தினாலும் தேயாது. அதெல்லாம் உண்மைதான்.

இரண்டு நாள் கழித்துப் போய் எடுத்து வந்தன். வீட்டுக்கு மீன் வராமல் நான் காவல் இருந்த கிழமையில், என்ர முந்தானையிலேயே முடிந்துகொண்டு சுறாவைக் கொண்டுவந்திருக்கிறன். எனக்கு மணக்கவேயில்லை. பிறந்த நாள் தொட்டு அந்த மணத்துக்குள்ளே கிடந்தவளுக்கு எப்பிடி மணக்கும்? இவருக்குச் சுருட்டைத் தவிர வேறு ஒன்றும் மணக்காது.

இவர் நடு நட்டைக் கழற்றி ஸ்டேரிங்கை இழுத்து எடுத்தார். நான் கட்டையைத் தடியில் மாட்டி, பலகை ஒன்றை மேலே வைத்துச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டிக் குழாயின் வாய்க்குள்ளே இறக்கினன். இறுக்கமாக, அளவாக, போய் இருந்தது. நூல் முடிச்சு ஒரு மயிரளவும் பிழைக்கவில்லை. ஸ்டேரிங்கைத் திரும்பப் பூட்டி இவர் ஒரு விரலால் சுத்திப் பார்த்தார். ஆட்டமில்லை, சத்தமில்லை.

"கொண்ணர் காருக்கு வரவேண்டிய ஆள்," என்று என்ர அண்ணனைச் சொன்னார். சல்லிப் பக்கத்தை இவர் வாய் திறந்து புகழ்ந்தது அதுதான் முதல் தரம்.

ஒப்பரேசனுக்கு முதல் நாள் விடியக் கருக்கலில் இவரே போய் மாமியைப் பாலையூற்றில் இருந்து ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டார். குளிர்காற்று, ஒரு பிரச்சினையும் இல்லை. கார் நல்லாப் போகுது என்று மாமியே சொன்னாவாம். ஒப்பரேசனும் நல்லபடி முடிந்தது. துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிற அன்று இவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் போனனான்.

காலமையே போய்விட்டன். ஆஸ்பத்திரிக்கு வெளியில் நிழல் உள்ள இடமெல்லாம் வேறு வாகனங்கள் நின்றன. சாம்பாரை வெயிலில் விட்டுவிட்டு உள்ளே காத்திருந்தன். மருந்து எழுதி, துண்டு எழுதி, மாமியை வெளியில் விட மத்தியானம் ஆகிவிட்டது. ஒரு கண்ணுக்குப் பெரிய கட்டு. மற்றக் கண்ணில் ஏற்கனவே பார்வை இல்லை என்கிற மாதிரித்தான். கையைப் பிடித்துக் கொண்டுவந்து பின் சீற்றில் இருத்தினன். மகன் வரேல்லையோ என்று கேட்டா. நான்தான் ஓட்டப் போறன் என்று சொன்னன். சீற்றின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டா.

சந்தை தாண்டும்போதுதான் எனக்கு விளங்கினது. வெயிலும் என்ஜின் சூடும் சேர்ந்து குழாய் வழியாக ஏற, கட்டை தான் குடித்திருந்த எண்ணெயை எல்லாம் திரும்பக் கக்கத் தொடங்கிவிட்டது. முதலில் என்ர முழங்காலில் ஒரு சொட்டு. பிறகு பாதத்தில். கை இரண்டும் வழுவழுவென்று வந்தது. ஸ்டேரிங் மட்டும் வெண்ணெய் மாதிரித் திரும்பினது. மணம் எனக்கே அடித்தது என்றால் யோசித்துப் பாருங்கோ. சந்தைப் பூனை ஒன்று நல்ல தூரம் பின்னால் ஓடி வந்தது. பின்னுக்குப் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தன், மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தா.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தன். புதுச்சட்டி, சுண்ணாம்பு, பிள்ளையளின் கீரைச்சோறு, எல்லாம். நேரே பாலையூற்றுக்கு விடு என்று இப்பவே சொல்லப்போறா என்று காத்திருந்தன்.

அதுக்கிடையில் சந்தியில் சென்றி. அன்றைக்கு ஏதோ செய்தி வந்திருக்க வேணும், வழமையைவிடக் கடுமை. வாகனங்கள் நீளத்துக்கு நின்றன. எல்லாரையும் இறக்கி, வெயிலில் வரிசையாக நடக்கவிட்டு, அடையாள அட்டை பார்த்து, வாகனத்தின் சீற்றைக் கூடக் கழற்றிப் பார்த்தார்கள். கிழவன் கிழவி, பிள்ளைத்தாய்ச்சி, ஒருவருக்கும் விலக்கில்லை. எங்கட முறை வந்தது. ஒரு ஆமிக்காரன் வந்து குனிந்து தலையை உள்ளே விட்டான். விட்ட வேகத்திலேயே வெளியில் எடுத்தான். மூக்கைச் சுருக்கிக்கொண்டு மற்றவனைக் கூப்பிட்டான். அவனும் வந்து பார்த்தான், அவனும் பின்னுக்குப் போனான். என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். பிறகு போ, போ என்று கையைக் காட்டினான். நான் இறங்கவுமில்லை, மாமி இறங்கவுமில்லை.

சந்தி தாண்டிக் கொஞ்சத் தூரம் வந்ததும் மாமி வாய் திறந்தா.

"பிள்ளை, மற்ற ஆக்களை எல்லாம் இறக்கினவங்களே?"

"ஓம் மாமி."

"எங்களை ஏன் இறக்கேல்ல?"

கண்ணில் கட்டைப் பார்த்து விட்டவங்கள் என்று சொல்லியிருக்கலாம். நல்ல பொய்தான், வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வருசக்கணக்காகப் படலையில் நின்ற ஆளுக்கு ஏன் ஒளிக்க வேணும் என்று எனக்கு ஒரு ரோசம் வந்துவிட்டது.

"நாத்தத்துக்கு விட்டவங்கள் மாமி. ஸ்டேரிங்குக்குள்ள எங்கட அண்ணன் செய்த கட்டை இருக்கு, சுறா எண்ணெயில ஊறினது. அது இல்லாட்டி இந்தக் கார் ஓடாது."

கடற்காற்று வாற இடத்துக்கு வந்த பிறகுதான் மாமி சொன்னா:

"ஒப்பரேசனுக்கு நான் பயப்பிடேல்ல. கண்ணைக் கட்டினபடி சென்றியில இறக்கி நடக்கச் சொன்னால் எந்தப் பக்கம் நடப்பன் எண்டுதான் ரெண்டு நாளா நித்திரை இல்லை." பிறகு, "கொண்ணருக்குச் சொல்லு, நல்ல கட்டை."

மாமி அதோடு விடவில்லை.

"எண்டாலும் பிள்ளை, கதவுக் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கு."

"கண்ணாடி இல்லை மாமி. உங்கட மகன் இன்னும் போடேல்ல."

படலையில் சிரிக்கிற சிரிப்பு இல்லாமல் மாமி வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் நான் கேட்டனான். கண் அலுங்கக்கூடாது என்று கண் கட்டைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

வீட்டில் காரை உள்ளே விட்டு நிற்பாட்டினன். படலை வந்துவிட்டதோ என்று கேட்டா. தாண்டி வந்துவிட்டம் என்றன். கதவைத் திறந்துகொண்டு நின்றன். கையை நீட்டினா. என்ர கை முழங்கை மட்டும் எண்ணெய். நான் தயங்கினன்.

"கையெல்லாம் எண்ணெய், மாமி."

"தெரியுது. தா, படி எங்க?"

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறி உள்ளுக்கு வந்து, நான் காட்டின கதிரையில் இருந்தா. பிள்ளையள் ஓடி வந்து பக்கத்தில் நின்று மணந்து பார்த்துவிட்டு, அம்மா மீன் வாங்கினவவோ என்று மாமியிடம் ஆசையோடு கேட்டதுகள். மாமி அதுகளைக் கிட்ட இழுத்துவிட்டு என்ர பக்கம் முகத்தைத் திருப்பினா.

"தேத்தண்ணி போடு பிள்ளை. கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டுப் போடு."

கழுவினன். எத்தனை தரம் கழுவினன் என்று கேட்காதையுங்கோ. சீனி கூடிவிட்டது என்று சொன்னா, ஆனால் முழுக்கக் குடித்தா.

கட்டு அவிழ்க்கும் மட்டும் நின்றா. நாளாந்தம் ஆஸ்பத்திரிக்குச் சாம்பாரில்தான் போய்வந்தம். சென்றிக்காரருக்கு எங்களைப் பழகிவிட்டது. மாளு கார் என்று பேர் வைத்துவிட்டார்கள். மாளு என்றால் சிங்களத்தில் மீன். தூரத்தில் கண்டதுமே கையைக் காட்டிவிடுவார்கள். சாம்பார் என்ற பேருக்கு இவர் கோபப்பட்டதில் பாதி கூட இந்தப் பேருக்கு மாமி கோபப்படவில்லை. கட்டு அவிழ்த்த அன்று, பார்வை தெளிந்ததும், ஸ்டேரிங்குக்குக் கீழே குனிந்து அந்தக் கட்டையைப் பார்க்க வேணும் என்று நின்றா. இவர் ரோச் லைற் பிடிக்க, பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னதோ என்றா.

பிறகு சில மாதம் போகக் கொழும்பில் இருந்து வந்த ஒருவர் மூலம் இவர் ஒரு உண்மையான பெயாரிங் எடுப்பித்தார். எண்ணெய்க் கடதாசி சுற்றிப் பெட்டியோடு புத்தம் புதிசு. குழாய்க்கும் தடிக்கும் அளவாக, எங்கே பிடித்தார் என்று எனக்குத் தெரியாது. அம்மா இனி மூக்கைப் பொத்தத் தேவையில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, சாவியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு காருக்குக் கிட்டப் போனார். அன்றைக்கு மாமி எங்கட வீட்டில்தான், அதே கதிரையில், என்ர பிட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. தலையை நிமிர்த்தாமல் சொன்னா:

"சென்றி எல்லாம் எடுத்தாப்பிறகு மாத்தலாம். இப்ப அதை அலுமாரியில வை."

இவர் என்னைப் பார்த்தார். நான் பிட்டுக் குழலைப் பார்த்தன். பெட்டி அலுமாரிக்குள்ளே போனது.

மற்றக் கண்ணுக்கும் நாள் வந்தபோது சாம்பாரில்தான் போனம், நான்தான் ஓட்டினன். அந்த முறை மாமி முன் சீற்றில் இருந்தா. கையில் ஒரு தேசிக்காய். சந்திக்குக் கிட்ட வரவர அதை நகத்தால் கீறி மூக்கில் வைத்துக்கொள்ளுவா. சென்றி தாண்டினதும் அதை என்னிடமும் நீட்டுவா. எனக்குத் தேவையில்லை என்று ஒவ்வொரு தரமும் சொல்லுவன், ஒவ்வொரு தரமும் வாங்கி மணந்துவிட்டுத்தான் குடுப்பன்.